வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம்

திருநெல்வேலி மாவட்டம் இராதாபுரம் வட்டத்தில், ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே உள்ள வடக்கன்குளத்தின் கத்தோலிக்கப் பங்குக் கோயில் இது. மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைக் குருக்களின் பொறுப்பில் வளர்ந்த இப்பங்கு, 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தென்பாண்டிக் கிறித்தவத்தின் முக்கிய நிலையமாக இருந்தது.

திருவிதாங்கூர் அரசின் அலுவலரான நீலகண்ட பிள்ளை, குளச்சல் போரில் சிறைப்பட்டு மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவரான டச்சுக்காரர் டிலனாயின் வழியாகக் கிறித்தவத்தை அறிந்தார். 1745 மே 14இல் வடக்கன்குளத்தில் பரஞ்சோதிநாதர் என்ற புட்டாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆலயம் பெரிதும் பேசப்படுவது அதன் கட்டட அமைப்பால்தான். ஊரில் நாடார்களும், பிள்ளை, முதலியார் என்ற பட்டங்களுடைய வெள்ளாளர்களும் ஒரே பங்கின் மக்கள். கோயிலுக்குள் யார் எங்கே இருப்பது என்ற தகராறு 19ஆம் நூற்றாண்டு முழுவதும் ஓயவில்லை. 1872இல் எழுந்த புதிய கோயில் அதற்குக் கண்ட வழி விசித்திரமானது. இரண்டு நீண்ட மண்டபங்கள் கால்சட்டையின் இரு கால்களைப்போல விரிந்து, பீடத்தருகே ஒன்றுசேர்ந்தன. இரு தரப்பினரும் குருவையும் பீடத்தையும் காண முடிந்தது. ஒருவரையொருவர் காண முடியவில்லை. சமாதானத்துக்காகச் செய்த ஏற்பாடு, சாதியைச் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் உறுதிப்படுத்தியதுதான் மிச்சம்.

1910இல் பங்குக் குரு கௌசானல் அடிகளார் இரு மண்டபங்களையும் பிரித்த சுவரை இடித்தார். வெள்ளாளர் தரப்பு, சுவரை மீண்டும் எழுப்ப வேண்டும் என்று திருச்சிராப்பள்ளி ஆயர் பார்த் மீது வழக்குத் தொடுத்தது. மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் எனச் சட்ட நூல்களில் இடம்பெற்ற அவ்வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. தனியிடம் கேட்பது சமூக அந்தஸ்து பற்றிய கோரிக்கையே அன்றிச் சட்ட உரிமை ஆகாது, தீட்டு என்ற கருத்துக்குக் கிறித்தவ வழிபாட்டில் இடமில்லை என்பது நீதிபதிகளின் நிலைப்பாடு. ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் இப்பூசலை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவானபின் பங்கு அதன்கீழ் வந்தது. இங்கே திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம் 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்தியப் பொதுநிலையினருள் இந்நிலை எய்திய முதல்வர் அவரே. அறிவிப்புக்கு முன்னரே, எழுந்த கோரிக்கைகளை ஏற்று, அவர் பெயரிலிருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பெயரை வத்திக்கான் நீக்கிவிட்டது.