முட்டையும் இல்லை, மைதாவும் இல்லை: எல்லையோரத்து நூடுல்ஸின் கதை

இன்னைக்கு நூடுல்ஸ் பத்திப் பேசப்போறோம். முதல்ல ஒரு கேள்வி. நூடுல்ஸ் நம்ம வீட்டுக்குள்ள எப்போ வந்துச்சு?

நிறைய பேர் 1983னு சொல்வீங்க. அந்த வருஷம்தான் மேகி இந்தியாவுக்கு வந்தது. ஓசூர்ல டிவிஎஸ் 50 மொபெட் உருண்டு வெளிய வந்தது 1980. அப்போ மொபெட்டுக்குப் பின்னாடிதான் நூடுல்ஸ் வந்துச்சா? சென்னைக்காரங்க இன்னும் கொஞ்சம் பின்னாடி போவாங்க. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள், பாரிமுனைப் பக்கம் அத்தோ விற்க ஆரம்பித்தார்கள். அதுவும் நூடுல்ஸ்தான்.

ரெண்டு பதிலும் சரி. ஆனா ரெண்டுமே கோதுமை நூடுல்ஸைப் பத்தின பதில். நம்ம ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இதைவிட ரொம்பப் பழைய நூடுல்ஸ் ஒண்ணு இருக்கு. அதுல கோதுமை கிடையாது, முட்டை கிடையாது. அது எப்படி அறுந்து போகாம நிக்குது என்பதுதான் இன்றைய கதை.

முதலில் முட்டை நூடுல்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். 100 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை, கொஞ்சம் உப்பு. தண்ணீர்கூட வேண்டாம். பிசைந்து, அரை மணி நேரம் மூடிவைத்து, தேய்த்து, வெட்டினால் முடிந்தது. கோதுமையில் உள்ள புரதம், தண்ணீரோடு சேர்த்துப் பிசையும்போது க்ளூட்டன் என்கிற வலையாக மாறும். ரப்பர் மாதிரி இழுபடும். முட்டையின் புரதம் வெந்நீரில் போட்டதும் இறுகி, அந்த வலைக்கு இன்னொரு பூட்டு போடும். அதனால் மாவைப் பச்சையாகவே நூலாக்கி, அப்புறம் வேகவைக்கலாம். முதலில் வடிவம், அப்புறம் நெருப்பு. இந்த வரிசையை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்போ கேழ்வரகு மாவை எடுங்க. தமிழ்நாட்டில் கேழ்வரகு அதிகம் விளையும் மாவட்டங்களில் கிருஷ்ணகிரியும் ஒன்று. தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, அதைக் கயிறு மாதிரி இழுத்துப் பாருங்க. கையோட உடைஞ்சு வரும். அரிசி மாவும் அப்படித்தான். ரெண்டுலயும் க்ளூட்டன் கிடையாது. நம்ம ஊர் நிலத்துல விளையுற தானியம் நூலா மாற மறுக்குது. இதுதான் பிரச்சினை.

இது நம்ம ஊர் பிரச்சினை மட்டும் இல்லை. சீனாவில் லாஜியா என்ற இடத்தில், நிலநடுக்கத்திலும் வெள்ளத்திலும் புதைந்துபோன சுமார் 4,000 ஆண்டுப் பழமையான ஊரைத் தோண்டினார்கள். ஒரு கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. தூக்கிப் பார்த்தால் உள்ளே நூடுல்ஸ்! ஒவ்வொரு இழையும் அரை மீட்டர் நீளம் வரை, வெறும் 3 மில்லிமீட்டர் தடிமன். 2005இல் நேச்சர் இதழில் அந்த ஆய்வு வந்தது. அதன் முடிவு, அது கோதுமையில் செய்ததல்ல, தினை வகைத் தானியங்களில் செய்தது என்பது.

உடனே எதிர்ப்பு கிளம்பியது. தினை மாவில் க்ளூட்டன் கிடையாதே, அதை எப்படி இவ்வளவு நீள நூலாக இழுக்க முடியும் என்று வேறு ஆய்வாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சில ஆண்டுகள் கழித்து முதல் குழு பதில் சொன்னது. இழுக்க வேண்டியதில்லை. மாவைச் சூடுபடுத்தி, அதிலுள்ள மாவுச்சத்தைக் கூழாக்கி, அப்புறம் ஓட்டை வழியாக அழுத்தினால் நூல் வரும்.

அந்த விவாதத்தைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஏன்னா அந்த பதில் எங்க வீட்டுல ரெண்டு பேருக்கு ஏற்கெனவே தெரியும்.

எங்க அம்மா வழி தேன்கனிக்கோட்டைப் பக்கம். அங்க அஜ்ஜி செய்றது ஒத்து சாவிகெ. கன்னடத்துல ஒத்துன்னா அழுத்துறது. அப்பா வழி ஊத்தங்கரைப் பக்கம். அங்க ஆயா செய்றது சந்தகை. அஜ்ஜிக்குத் தமிழ் அரைகுறை, ஆயாவுக்குக் கன்னடம் சுத்தமா வராது. ஆனா ரெண்டு பேரோட சமையலறையில நடக்கிற வேலை ஒண்ணுதான்.

அஜ்ஜி தண்ணீரில் உப்பும் கொஞ்சம் எண்ணெயும் விட்டுக் கொதிக்க வைப்பார். மாவைக் கொட்டி, கிளறாமல் கொஞ்ச நேரம் வேகவிடுவார். அப்புறம் துடுப்பு போட்டுக் கிண்டினால் களி. இதுவரைக்கும் இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். அந்தக் களியைக் கை பொறுக்கிற சூட்டில் பிசைந்து, உருண்டை பிடித்து, மறுபடி கொதிக்கிற தண்ணீரில் போடுவார். உருண்டை மேலே மிதந்து வந்தால் வெந்துவிட்டது. சூடு ஆறுவதற்குள் அழுத்த வேண்டும். தேங்காய்ப்பாலும் வெல்லமும் கலந்த காய் ஹாலு, எள்ளுப்பொடியோடு பரிமாறுவார்.

ஆயாவின் வழி கொஞ்சம் வேறு. புழுங்கலரிசியை ஊறவைத்து, அரைத்து, இட்லி மாதிரி ஆவியில் வேகவைப்பார். அந்த இட்லியைச் சூடாகவே சந்தகை மிஷினில் போட்டுப் பிழிவார். எலுமிச்சை பிழிந்து தாளித்தால் காரம், தேங்காய்ப்பால் ஊற்றினால் இனிப்பு.

முட்டை நூடுல்ஸின் வரிசை என்னன்னு ஞாபகம் இருக்கா? முதலில் வடிவம், அப்புறம் நெருப்பு. இங்கே அது தலைகீழ். முதலில் நெருப்பு, அப்புறம் வடிவம். மாவுச்சத்து தண்ணீரோடு சேர்ந்து சூடாகும்போது உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிப் பசையாகும். க்ளூட்டன் செய்யும் வேலையை இந்தப் பசை செய்கிறது. ஆறிப்போனால் அது இறுகிவிடும், ஓட்டை வழியாக வராது. அதனால்தான் அந்த அவசரம். இடியாப்பம் இந்த ரெண்டுக்கும் நடுவுல. வெந்நீர் ஊற்றிப் பாதி பசையாக்கி, பிழிந்து, மீதியை ஆவியில் முடிக்கிறோம்.

சரி, இது எவ்வளவு பழசு? நம்ம பக்கத்துல எழுத்துச் சான்று ஒண்ணு இருக்கு. சுமார் 1025இல், மேலைச் சாளுக்கிய மன்னன் ஜெயசிம்மன் காலத்தில், சாவுண்டராயர் என்பவர் கன்னடத்தில் லோகோபகாரம் என்ற நூலை எழுதினார். விவசாயம், நிலத்தடி நீர் கண்டுபிடிப்பது, மருத்துவம், சமையல் என்று அன்றாட வாழ்க்கைக்கான கையேடு அது. அதில் சாவிகெ செய்வதும், அதை அழுத்தும் அச்சும் வருகின்றன. தஞ்சாவூர்ப் பெரிய கோவில் கட்டி முடித்துச் சில வருஷங்களே ஆன காலம் அது. அப்போதே இந்த வேலைக்குத் தனிக் கருவி இருந்திருக்கிறது.

உடனே ஒரு சண்டை வரும், எனக்குத் தெரியும். "அப்போ இது கன்னடக்காரங்க சாப்பாடா, நம்மளுதா?" இதுக்குப் பதில் சொல்லணும்னா எல்லைக் கோட்டோட கதையைப் பார்க்கணும்.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகால் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். கிருஷ்ணகிரி அதில் போய்விட்டது. ஓசூர் மைசூரோடு இருந்தது. 1799இல் திப்பு இறந்த பிறகுதான் ஓசூரும் கம்பெனி கைக்கு வந்தது. அதாவது, இன்னைக்கு பஸ்ல ஒரு மணி நேரத்துல போற இந்த ரெண்டு ஊரும் அந்த ஏழு வருஷம் இரண்டு வேறு அரசுகளில் இருந்தன. அப்புறம் ரெண்டும் சேலம் மாவட்டமாகின. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் வந்தபோது ஓசூர் சென்னை மாநிலத்திலேயே தங்கியது, பக்கத்துல இருக்கிற ஆனேக்கல் மைசூர் மாநிலத்துல. 1965இல் தர்மபுரி மாவட்டம், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம்.

கோடு இத்தனை தடவை நகர்ந்தது, ஜனங்க பெரும்பாலும் அங்கேயேதான் இருந்தாங்க. வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவர்கள் ஓசூரில் ஏராளம். அதுக்காக எல்லை சும்மா ஒரு கோடுன்னும் சொல்ல மாட்டேன். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினை வெடித்தபோது பேருந்துகள் நின்றன. அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே மக்கள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே கடந்தார்கள். அந்தக் கோட்டுக்கு வலிக்க வைக்கிற சக்தி உண்டு. ஆனா களியை எப்போ அழுத்தணும்னு தீர்மானிக்கிற சக்தி அதுக்குக் கிடையாது. அதைத் தீர்மானிப்பது நிலத்தில் விளையும் தானியம். கோட்டின் ரெண்டு பக்கமும் ஒரே கேழ்வரகு, ஒரே பிரச்சினை, ஒரே தீர்வு. இன்னும் வேடிக்கை என்னன்னா, கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்காவில் பயிராகி இங்க வந்தது.

இந்த நூடுல்ஸுக்கு உண்மையான ஆபத்து மாநில எல்லையில் இல்லை, வேலை நேரத்தில் இருக்கு. 1970களில் ஓசூரில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. ஊர் வளர்ந்தது, நிறைய குடும்பங்கள் மேலே வந்தன. எங்க குடும்பமும்தான். கூடவே ஷிப்ட் வந்தது. சாவிகெ அழுத்த ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் சூட்டு உருண்டையை அச்சுல போட்டு, விழுற நூலைத் தட்டுல வாங்கணும். இன்னொருத்தர் பாரத்தைக் கொடுத்து அழுத்தணும். அதுவும் ஒரே நேரத்துல, ஆறுறதுக்குள்ள. ஒருத்தர் ஏ ஷிப்ட், இன்னொருத்தர் நைட் ஷிப்ட்னு இருக்கிற வீட்டுல இது எப்படி நடக்கும்? பாக்கெட் நூடுல்ஸ் ஜெயிச்சது ருசியால மட்டும் இல்லை. தனியா இருக்கிற ஒரு ஆள் அதைச் செஞ்சிட முடியும்.

அதனால பழைய காலத்துக்குத் திரும்பிப் போங்கன்னு சொல்ல வரலை. பிழியும் கருவிக்கு மோட்டார் வைக்கலாம், கடையில் வாங்கியும் சாப்பிடலாம். அதெல்லாம் சரிதான். ஆனா உருண்டை வெந்துருச்சான்னு எப்படித் தெரியும், எவ்வளவு சூட்டுல பிசையணும், எப்போ தாமதமாச்சுன்னு அர்த்தம், இதெல்லாம் எங்கேயும் எழுதி இல்லை. டாக்குமென்டேஷன் இல்லாத கோடு மாதிரி, எழுதின ஆளோட அது போயிடும்.

உங்க வீட்டுல அஜ்ஜியோ, ஆயாவோ, அவ்வாவோ இருந்தா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்துல நின்னு அந்த பாரத்தை நீங்க அழுத்துங்க. போனை ஒரு ஓரமா ரெக்கார்டிங்ல போட்டு வைங்க. எத்தனை டம்ளர் மாவுன்னு யூடியூப்லயே கிடைக்கும். நீங்க கேக்க வேண்டியது, "இப்போ போடலாம்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?" என்கிறதுதான்.