தீவிலிருந்து வந்த கோடு

பவானி ஜமக்காளம் விரிக்காத கல்யாண வீடு அந்தக் காலத்துக் கொங்கு நாட்டில் ஏது? பளிச்சென்ற கலரில் பட்டை பட்டையாகக் கோடு! அந்தக் கோட்டுக்கு ஜப்பான்காரர்கள் சொல்லும் பெயர் 'ஷிமா'. அதே ஷிமாவுக்குத் தீவு என்றும் அர்த்தம் உண்டு. தீவுக்கும் கோட்டுக்கும் என்னய்யா சம்பந்தம் என்கிறீர்களா?

இருக்கிறது. அதில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு!

தெற்குக் கடலில் ஏதோ தீவுகளிலிருந்து கப்பலில் வந்த கோட்டுத் துணிகளை ஜப்பானியர்கள் 'தீவுச் சரக்கு' என்றார்கள். போகப்போக 'சரக்கு' உதிர்ந்து, தீவு என்ற சொல்லே கோட்டைக் குறிக்க ஆரம்பித்துவிட்டது. பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். எழுதும்போது மட்டும் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து.

அந்தத் துணிகளில் ராஜா, 'சன்தொமே'. எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதா? சாட்சாத் மயிலாப்பூர் சாந்தோமேதான்! 1520-களில் அங்கே குடியேறிய போர்ச்சுக்கீசியர்கள், புனித தோமாவின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிக்கு ஜப்பானில் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

1639-ல் போர்ச்சுக்கீசியர்களை ஜப்பான் துரத்தியடித்தது. துணி வியாபாரம் நின்றதா? ம்ஹூம்! பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த டச்சுக்காரர்கள் நாகசாகிக்குச் சரக்கு அனுப்பினார்கள். எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) சாமானியர்கள் பட்டு உடுத்தக் கூடாது என்று அரசாங்கம் அடிக்கடி கெடுபிடி செய்யும். பணக்கார வியாபாரிகள் அசரவில்லை. 'பருத்திதானே சாமி' என்று சன்தொமேயை உடுத்திக்கொண்டு மிடுக்காக நடந்தார்கள்!

பிறகு உள்ளூர்க்காரர்களும் அதே மாதிரி நெய்ய ஆரம்பிக்க, அசலுக்குத் 'தோ-சன்தொமே', அதாவது 'வெளிநாட்டுச் சன்தொமே' என்று பெயர் வந்தது. அது சுருங்கி 'தோஸன்'. 1859-ல் யோகோஹாமா துறைமுகம் திறந்ததும், இறக்குமதியான மில் நூலை வாங்கி கவாகோயே என்ற ஊரில் நெய்து தள்ளினார்கள். அதற்கு என்ன பெயர் தெரியுமா? 'கவாகோயே தோஸன்'. உள்ளூரில் நெய்த வெளிநாட்டுத் துணி! சாந்தோமில் மிஞ்சியது ஒற்றை 'சன்' மட்டும்.

இத்தனைக்கும் சாந்தோம் பெயருக்குத்தான் துறைமுகம். தறிகள் இருந்தது உள்நாட்டுக் கிராமங்களில். அந்த நெசவாளிகளின் ஊர்ப்பெயர் எதுவும் கப்பலேறவில்லை.

பவானிக்காரர்கள் அந்த விஷயத்தில் கொஞ்சம் உஷார். 2005-06-ல் ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள். ஆனாலும் வெளியூர் விசைத்தறி விரிப்புகள் 'பவானி ஜமக்காளம்' என்ற பெயரிலேயே மலிவாகக் கடைக்கு வருகின்றன என்பது, குழித்தறியில் கால் இறக்கி உட்கார்ந்திருக்கும் நெசவாளர்களின் தீராத புகார்.