இரைச்சல் என்றவர்களே பிறகு இசை என்றார்கள்



மாலை வகுப்பில் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, ப்ளூஸ் ராக் வெள்ளைக்காரங்க பாட்டுதானே?" அவன் கேட்டுக்கொண்டிருந்தது எரிக் கிளாப்டன். அவனுக்குப் பதில் 1991இல் வந்த ஓர் ஆல்பத்தில் இருக்கிறது. 'டேம் ரைட், ஐவ் காட் த ப்ளூஸ்'. கிதார் வாசித்துப் பாடியவர் பட்டி கய். அப்போது அவருக்கு 55 வயது.

கய் 1936இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லெட்ஸ்வொர்த் என்ற ஊரில் பிறந்தவர். பெற்றோர் வாரத்துக்கு உழுத கறுப்பினத்தவர். சிறுவன் கய்யும் பருத்தி எடுத்தார். 100 பவுண்டு, அதாவது சுமார் 45 கிலோ எடுத்தால் இரண்டரை டாலர். இது நமக்கு அந்நியமான கதையா? கொங்குத் தோட்டங்களில் விளைந்த கம்போடியா பருத்தியும் அமெரிக்க இனம்தான். அந்தப் பருத்தியை எடுத்த கைகளில் பண்ணையாளாக இருந்த நம் தாத்தா பாட்டிகளின் கைகளும் உண்டு.

1957இல் கய் சிகாகோவுக்குப் போனார். செஸ் ரெக்கார்ட்ஸ் அவரை மற்றவர்களின் பாட்டுக்கு வாசிக்க வைத்தது. மேடையில் அவர் கிதாரை அலறவிட்டு வாசிப்பார். அதைப் பதிவு செய்ய மட்டும் முதலாளி லியோனார்ட் செஸ் சம்மதிக்கவில்லை. அவருக்கு அது வெறும் இரைச்சல். கய் பகலில் பழுதான வண்டிகளை இழுக்கும் டிரக் ஓட்டிப் பிழைத்தார்.

அதே வகைச் சத்தத்தை இங்கிலாந்தின் வெள்ளை இளைஞர்கள் வாசித்தபோது அது ராக் ஆனது, கோடிகளில் விற்றது. கய்யிடம் கற்றோம் என்று கிளாப்டன் போன்றவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். ஆனாலும் எண்பதுகளில் அவருக்குப் பெரிய நிறுவன ஒப்பந்தம் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் அழைத்தது. 1991 ஆல்பம் லண்டனில் பதிவானது. கிளாப்டனும் ஜெஃப் பெக்கும் விருந்தினராக வந்து வாசித்தார்கள். அவருக்கு முதல் கிராமி விருதும் கிடைத்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். தப்பட்டை சேரியில் ஒலித்தால் தீட்டு, சாவு மேளம். அதே வாத்தியம் கல்லூரி விழா மேடையில் ஒலித்தால் 'தமிழர் பாரம்பரியம்'. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. கிதாரைக் கய் விரும்பி எடுத்தார். தப்பட்டையோ நம்மவர்கள் மேல் சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டது. சாவு வீட்டுக்கு இனி அடிக்க மாட்டோம் என்று கீழே வைத்தவர்களின் கோபமும் நம் வரலாறுதான். 2018இல் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பறையையும் கிதாரையும் ஒரே மேடையில் ஏற்றியபோது, கடமையாகச் சுமத்தப்பட்டது உரிமைக் குரலாக மாறியது.

அடிப்பதா, வைப்பதா என்பதைக் கலைஞரே முடிவு செய்யட்டும். நாம் செய்ய வேண்டியது வேறு. உங்கள் ஊர்க் கலைஞரை யாராவது பதிவு செய்ய வந்தால் மூன்று விஷயம் கேளுங்கள்: பெயர் யாருடையது போடுவீர்கள்? கூலி எவ்வளவு? பதிவின் உரிமை யாரிடம் இருக்கும்? பதில்களை எழுத்தில் வாங்குங்கள். 55 வயது வரை நம் ஆட்கள் காத்திருக்க வேண்டியதில்லை.