சக்கைவரட்டியும் பீப்பாய் மாங்கூழும்



கோடை விடுமுறைக்கு ஊர் சென்று மீளும் தென்திருவிதாங்கூர்த் தமிழரின் பெட்டியில், துணிமணிகளுக்கிடையே ஒரு தகர டப்பா இருக்கக் கண்டிருப்பீர்கள். மும்பையிலோ தில்லியிலோ அதைத் திறந்த மாத்திரத்தில் சுக்கும் ஏலமும் நெய்யும் கலந்த மணம் வீடெங்கும் பரவும். அதுதான் சக்கைவரட்டி. தஞ்சை, மதுரைப் பக்கத்து அன்பர்கள் சக்கை என்றதும் பிழிந்தெறிந்த கரும்பை நினைத்துக் கொள்ள வேண்டாம். தெற்கே சக்கை என்பது பலாப்பழம். வரட்டுதல் என்பது அதன் நீரை வற்றச் செய்தல்.

அகத்தியமலை அடிவாரத்தில், அந்நாளைய நெய்யாற்றின்கரை வட்டத்தில் அமைந்த ஊர் அம்பூரி. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆறுகாணியும் பத்துகாணியும் எல்லைக்கு ஒருபுறமாகவும், அம்பூரியும் பாறசாலையும் மறுபுறமாகவும் ஆயின. ஆட்சி எல்லை மாறியதேயன்றி அடுப்படி வழக்கம் மாறவில்லை. இருபுறத்தும் பலா பழுக்கும் காலத்தில் உருளியை அடுப்பிலேற்றிச் சுளையை வேகவைத்து மசித்து, வெல்லமும் நெய்யும் சேர்த்து, கை ஓயும்வரை கிளறுவார்கள். பாத்திரத்தில் ஒட்டாமல் திரண்டு வரும்போது இறக்கிப் பரணியில் சேமிப்பார்கள். அதை அப்படியே உண்பதும் உண்டு. ஆயினும் பல மாதங்கள் கழித்துப் பிரதமனுக்கும், வயணை இலையில் பொதிந்து அவிக்கும் அப்பத்துக்கும் அதுவே மூலப்பொருள். பழம் இல்லாத காலத்துச் சமையலுக்கெனப் பழத்தைக் கூழாக்கி வைப்பது என்னும் கருத்தை, இன்றைய உணவுத் தொழிற்சாலைகளுக்கு வெகுகாலம் முன்னரே நம் பாட்டிமார் அறிந்திருந்தனர்.

மாம்பழம் இருக்க, பலாவுக்கு மட்டும் ஏன் இத்துணை வெல்லமும் உழைப்பும் என்று கேட்கலாம். விடை புளிப்பில் இருக்கிறது. புளிப்பு மிகுந்த கூழில் கொடிய நச்சுக் கிருமிகள் வளர்வதில்லை. மாங்கூழைக் கொதிநிலையை ஒட்டிச் சூடாக்கிக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால் போதும். பலாவில் புளிப்புக் குறைவு. எனவே ஒன்று நீரை வற்றச் செய்து வெல்லத்தால் காக்க வேண்டும், அல்லது புளிப்பைச் சேர்க்க வேண்டும், இல்லையேல் மிகக் கடுமையான வெப்பத்துக்கு உள்ளாக்க வேண்டும். கடுவெப்பத்தில் மணம் போய்விடும். உருளி கண்ட வழியே சிறந்த வழி என்பது என் கருத்து.

சூடாக்கி அடைக்கும் முறையை உலகுக்கு அளித்தவர் நிக்கோலா அப்பேர் என்னும் பிரெஞ்சுக்காரர். 1810-இல் தம் முறையை நூலாக வெளியிட்டு, அரசிடம் 12,000 பிராங்கு பரிசு பெற்றார். கிருமிகளின் செயலைப் பாஸ்டர் விளக்குவதற்கு அரை நூற்றாண்டு முன்பே அவர் அடைத்த பண்டம் கெடாமல் இருந்தது. காரணந்தான் அவருக்கே தெரியாது! அவர் கண்ணாடிப் புட்டியில் செய்ததை அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டியூராண்டு தகரப் பெட்டிக்குக் காப்புரிமையாகப் பதிந்தார்.

நம் நாட்டில் 1950-இல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப் பெற்றது. 1955-இல் பழப் பண்டங்களுக்கான ஆணை பிறந்து உரிமமும் தரமும் வகுத்தது. பின்னாளில் கிருஷ்ணகிரியும் ஆந்திரத்துச் சித்தூரும் மாங்கூழுக்கு இரு பெரும் நிலைக்களங்களாயின. முதலில் 3.1 கிலோ தகர டப்பாக்கள்; அடுத்து, கிருமி நீக்கிய கூழைக் கிருமி நீக்கிய பையிலே நிரப்பி எஃகுப் பீப்பாயில் வைக்கும் முறை வந்தது. பெருமளவில் இவ்வாறு சேமிக்கும் வழியை வகுத்த அமெரிக்கப் பேராசிரியர் பிலிப் நெல்சனுக்கு 2007-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. ஒரு பீப்பாயில் ஏறத்தாழ 215 கிலோ கூழ், குளிர்ப்பெட்டி தேவையில்லை. 1976-இல் மாசா, 1985-இல் புரூட்டி எனப் பானங்கள் பெருகியதும், மாமரமே காணாத ஊரிலும் ஆண்டு முழுவதும் மாஞ்சாறு கிடைத்தது. சவுதி அரேபியாவும் நெதர்லாந்தும் நம் கூழை இறக்குமதி செய்து தம் தொழிற்சாலைகளில் பானமும் இனிப்பும் ஆக்குகின்றன. வளைகுடாவில் வேலை பார்க்கும் எல்லைப்புறத்து இளைஞர், தம் நாட்டு மாம்பழத்தை அந்நாட்டுப் பெட்டியிலிருந்து உறிஞ்சிக் குடிப்பது அங்ஙனந்தான்.

ஆனால் அது எந்த மாம்பழம்? நெய்யாற்றின்கரைப் பகுதியில் கோட்டுக்கோணம் என்றோர் ஊர் உண்டு. அதன் பெயர் தாங்கிய வருக்கை மா, குமரி மாவட்டத்தில் செங்கவருக்கை எனப்படுகிறது. செம்மஞ்சள் சதை, தேன்போன்ற சுவை. திடமான சுளையுடைய பலாவுக்குரிய வருக்கை என்னும் அடைமொழியையே இம்மாவுக்கும் நம்மவர் சூட்டியிருக்கின்றனர். எனினும் அது வீட்டுப் புறங்களில் ஒன்றும் இரண்டுமாக நிற்கும் மரம். ஆலைக்கோ ஒரே தரத்தில் லாரி லாரியாக வேண்டும். ஆகவே ஆலை தேர்ந்தது, வடநாட்டார் தோத்தாபுரி என்றும் கிருஷ்ணகிரியார் பெங்களூரா என்றும் வழங்கும் கிளிமூக்கு மாவை. தின்பதற்கு அது இரண்டாந்தரமே. ஆயினும் நிறையக் காய்க்கும், சதை மிகுதி, விலை மலிவு. மணமும் நிறமும் போதாதவிடத்து அல்போன்சாக் கூழைச் சிறிது கலப்பார்கள்.

ஆலை ஒன்றையே நம்பி நட்ட மரத்துக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது 2025-இல் புலனாயிற்று. ஆலைகளில் முந்தைய ஆண்டின் கூழ் தேங்கியிருக்க, விளைச்சலோ பெருகிற்று. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என வகுத்தது: ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய். தம் உழவரைக் காக்க வேண்டி, பிற மாநிலக் கிளிமூக்கு மா சித்தூர் மாவட்டத்துக்குள் வரலாகாது என்று ஜூன் மாதத்தில் மாவட்ட ஆட்சியர் ஆணையிட்டார். சித்தூர் ஆலைகளை நம்பியிருந்த கர்நாடக உழவர் தவித்தனர். அம்மாநில முதலமைச்சர் ஆந்திர அரசுக்குக் கடிதம் எழுதினார். பின்னர் மத்திய அரசு கர்நாடகத்து மாவுக்குக் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என விலை குறித்து, சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின்கீழ் உதவ முன்வந்தது.

எல்லையில் நின்றது பழ லாரி. முன்னமே கூழாகிப் பீப்பாயில் அடைபட்ட மாம்பழமோ, எல்லை பல கடந்து, புட்டியில் புகுந்து, அம்பூரிக் கடைத்தெருவிலும் விலைக்குக் கிடைத்துக் கொண்டிருந்தது.