உருக்குச் சேதாரம்: ஒரு பழங்கணக்கு

பழைய வளையலை அழித்துப் புதுச் சங்கிலி செய்யக் கொடுக்கும் நம் இல்லங்களில் 'சேதாரம்' என்ற சொல்லை அறியாதார் இலர். உருக்குமுன் நிறுத்த எடைக்கும் உருக்கி வார்த்தபின் நிறுத்த எடைக்கும் உள்ள வேறுபாட்டைத் தட்டார் அச்சொல்லால் குறிப்பர். கொடுத்தவரோ ஐயத்துடன் கேட்டுக்கொள்வர். இவ்வையம் இன்று நேற்றுத் தோன்றியதன்று.

கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் இதற்கென்றே விதி வகுத்துள்ளது. (மறைந்துபோயிற்று என்று கருதப்பட்ட அந்நூலின் ஏட்டுச்சுவடியை மைசூர் நூலகத்துக்கு அளித்தவர் தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. சாம சாஸ்திரியார் அதனை 1909இல் பதிப்பித்தார்.) பெற்ற எடையிலும் தரத்திலுமே கம்மியர் பொருளைத் திருப்பித் தருதல் வேண்டும் என்று கூறும் அந்நூல், காய்ச்சித் தூய்மை செய்யும் பொன்னில் ஒரு சுவர்ணத்துக்கு ஒரு காகணி குறையலாம் என ஒப்புகிறது. சுவர்ணம் 16 மாஷம். காகணி கால் மாஷம். ஆகவே 64இல் ஒரு பங்கு. இன்றைய 8 கிராம் சவரனுக்கு 125 மில்லிகிராம் ஆகும். இரயில்வே சரக்குக் கணக்கில் உழலும் என் போன்ற குமாஸ்தாவுக்கு இவ்விதி மிகவும் உவப்பானது. குறைவுக்கு எல்லை குறித்திருந்தாலன்றோ அதற்கு மேற்பட்டதற்கு விளக்கம் கேட்க இயலும்? நேர்மையான கம்மியனுக்கும் அதுவே காப்பு.

உண்மையில் பொன் தீயில் எரிந்து போவதில்லை. அது 1,064 பாகை வெப்பத்தில் உருகும். ஆவியாய்க் கொதிப்பதற்கோ 2,800 பாகைக்கு மேல் வேண்டும். எரிவன அதனோடு கலந்த செம்பும் துத்தநாகமும்; பற்றவைத்த பொடியும் அழுக்குமே. பொன்னில் சிறு துளிகள் வெங்காரக் கசட்டிலும் மூசையின் சுவரிலும் ஒட்டிக்கொள்கின்றன. வெள்ளியின் குணம் வேறு. உருகிய வெள்ளி தன் பருமனைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு பிராணவாயுவை உட்கொள்ளும். ஆறி இறுகுகையில் அதனை வெளிவிட்டுச் சிதறும். ஆகவே குறைந்ததன் ஒரு பகுதி உலைக்களத்திலேயே கிடக்கிறது. நம் மாதர் தராசைக் கூர்ந்து நோக்குவர். மூசையும் சாம்பலும் யாரிடம் சேர்கின்றன என்று கேட்பதில்லை.

கௌடிலியர் கேட்டார். மூசை உடைந்தது என்ற சாக்கில், முன்பே இட்டுவைத்த மணற்கட்டிகளை உலையிலிருந்து எடுத்துக்கொள்ளும் சூதினை அவர் திருட்டு வகைகளுள் சேர்த்துள்ளார். அரசுப் பொற்பணிச் சாலையில் நுழைவோரும் வெளியேறுவோரும் சோதிக்கப்பட்டனர். முடியாத வேலையும் கருவிகளும் உள்ளேயே இருக்க வேண்டும்.

அக்பரின் நாணயச்சாலையோ சாம்பலையே ஒரு தொழிலாக்கிற்று. அபுல் பசல் இயற்றிய ஆயினி அக்பரியில், நாணயச்சாலைப் பணியாளர் வரிசையில் குப்பை மண்ணைக் கழுவிப் பொன்னும் வெள்ளியும் பிரிப்போர் தனியே இடம்பெறுகின்றனர். அத்தொழில் நல்ல ஆதாயம் தந்ததென்றும், அரசுக்கு அதிலிருந்து மாதந்தோறும் ஒரு தொகை சென்றதென்றும் அந்நூல் கூறும்.

அவ்வரிசையில் வரும் 'நியாரியா' என்ற பெயர் வடநாட்டில் இன்றும் வழங்குகிறது. தில்லி சாந்தினி சௌக்கை அடுத்த தரீபா கலானில் நகைக்கடை வாயில்களையும் சாக்கடை ஓரங்களையும் பெருக்கி, அம்மண்ணைத் தட்டில் இட்டு நீரில் அலசுவோர் அவர்களே. நம் கோவையின் பொற்பட்டறைத் தெருக்களிலும் இவ்வாறு மண் அரிப்போர் உண்டு.