பனிக்காலமும் தோசைக்கல்லும்: தென்காசிச் சீமையிலிருந்து ஒரு சிறு வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. காலைக் காப்பியோடு பொறுமையாகப் படியுங்கள்.

மார்கழி பிறந்துவிட்டால் எல்லார் கைப்பேசிக்கும் ஒரு படம் வந்துவிடுகிறது. குளிர்நாட்டு வீடொன்றில் பனிமனிதன் உருவத்தில் பான்கேக் சுட்டு, மேலே வெள்ளைச் சர்க்கரை தூவி, பிள்ளைகளோடு உட்கார்ந்து காலை உணவு சாப்பிடுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, "நமக்கு இப்படி ஒன்றும் கிடையாதா?" என்று கேட்கிறார்கள். உண்டு. பனிக்காலத்துக்கென்று தனிப் பலகாரமும், அதில் பிள்ளைகளுக்கு விளையாட்டும் நம் பக்கத்தில் நெடுங்காலமாக இருக்கின்றன. ஆனால் எந்த வீட்டில், ஆண்டுக்கு எத்தனை நாள் இருந்தன என்று கேட்டால்தான் அது வரலாறாகும்.

முதலில் பனி என்ற சொல். தமிழில் மார்கழியும் தையும் முன்பனிக்காலம், மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். நம் பனி வானத்திலிருந்து பஞ்சு போல விழுவது அல்ல, விடியலில் புல்நுனியில் நிற்பது. தென்காசியிலும் குற்றாலத்திலும் ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்றோடு வரும் சாரலைத்தான் ஊர் உலகம் அறியும். கார்த்திகை, மார்கழியில் இன்னொரு குற்றாலம் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் அருவி விழும்; சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் ஆரியங்காவு, அச்சன்கோவில் போகும் வழியில் விடியுமுன்பே வந்து குளிப்பார்கள்; குற்றாலநாதர் கோயிலும் சித்திரசபையும் திருவாதிரைக்குத் தயாராகும். அந்தக் குளிரில், அருவிக்கரைக் கடையில் ஆவி பறக்கும் தோசைக்கல்லைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கல்லில் மாவை வார்த்துச் சுடுவது நம்மிடம் எவ்வளவு பழையது? மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில், மதுரை நகரத்து இரவில் கடை ஓய்ந்து உறங்கும் பலகாரக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் விற்ற பண்டங்களில் மெல்லிய அடையும் மோதகமும் உண்டு. புலவர் அந்த அடைக்குச் சொல்லும் உவமை தேனடை. அதன் மேற்பரப்பில் தெரியும் அமைப்பைத்தான் பார்த்திருக்கிறார். இன்று நாம் தோசையில் கண் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாணாற்றுப்படையிலும் கரிபிடித்த சட்டியில் பாகு சேர்த்துச் செய்த வட்டமான பலகாரம் பாலில் கிடக்கும் காட்சி வருகிறது. அப்பம் சுடுபவர்களுக்குக் கூவியர் என்றே ஒரு பெயர் இருந்தது. ஆக, வட்டப் பலகாரம் நமக்கு யாரும் கொண்டுவந்து கொடுத்ததல்ல.

இனிப் பனிக்காலத்துக்கு வருவோம். நம் தென்மாவட்டங்களில் அதன் வாசல் திருக்கார்த்திகை. அன்று வீட்டுக்கு வீடு விளக்கு, கோயிலில் சொக்கப்பனை, அடுப்பில் ஓலைக் கொழுக்கட்டை. பச்சரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்த் துருவல், வறுத்த பாசிப்பருப்பு, சுக்கு, ஏலம். இவற்றைப் பிசைந்து, பனங்குருத்தோலையின் மடிப்பில் வைத்து, ஓலையாலேயே கட்டி அவிப்பார்கள். பிரித்தால் ஓலையின் வரி கொழுக்கட்டையில் பதிந்திருக்கும். அச்சு இல்லாமலே அச்சு. பிள்ளைகளின் வேலை ஓலை துடைப்பதும், நறுக்குவதும், கட்டுவதும். சில வீடுகளில் அப்பமும் அடையும் சுடுவார்கள், பொரியும் உண்டு.

அதே நாளில் பையன்களுக்கு மாவளி. பனையின் ஆண்பூவைக் குழியில் போட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் பொதிந்து, பிளந்த பனைமட்டைக் குச்சிகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, கயிற்றில் சுழற்றினால் தீப்பொறி வட்டமாகப் பறக்கும். ஓலை பனை, இனிப்பு பனை, மத்தாப்பும் பனை. ஒரு பைசாச் செலவில்லாத பண்டிகை அது.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. கார்த்திகைப் பலகாரங்களில் பெரும்பாலானவை மாவு புளிக்கக் காத்திராதவை. கொழுக்கட்டை, அடை, வெல்லமோ கருப்பட்டியோ கரைத்த அப்பம், எல்லாமே பிசைந்தவுடன் செய்யக்கூடியவை. இதற்குக் காரணம் தட்பவெப்பமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். அரிசி, உளுந்து மாவில் தாமாக வந்து சேரும் நுண்ணுயிர்கள் புளிப்பையும் காற்றையும் உண்டாக்கித்தான் மாவு பொங்குகிறது. ஏறத்தாழ 30 டிகிரி வெப்பத்தில் அவை சுறுசுறுப்பாக வேலை செய்யும். குளிர்ந்தால் சோம்பிவிடும். சித்திரையில் ஒரே இரவில் பாத்திரம் வழிய நிற்கும் மாவு, மார்கழியில் விடிந்தும் வைத்த இடத்திலேயே கிடக்கும். நம் ஆச்சிமார் மாவுச்சட்டியைச் சாக்கில் சுற்றி அடுப்படி ஓரம் வைத்தது இதனால்தான். அந்தப் பாடுபட வேண்டாத பலகாரங்கள் பனிக்காலத்துக்குப் பொருந்தி வந்தன.

மார்கழி முழுவதும் நம் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு வேலை இருந்தது. விடியலில் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூவைச் செருகி வைப்பார்கள். அந்தச் சாணியைத் தட்டி, பூவோடு காயவைத்துச் சேர்ப்பார்கள். பொங்கலுக்குப் பிறகு தை மாதத்தில் சிறுவீட்டுப் பொங்கல். மண்ணால் சின்னஞ்சிறு வீடு கட்டி, சிறு பானையில் பிள்ளைகளே பொங்கி, சேர்த்து வைத்த எருவை ஆற்றிலோ குளத்திலோ விடுவார்கள். சிற்றாற்றங்கரையில் வளர்ந்த எந்த அக்காவிடமும் கேளுங்கள், முகம் மலரும். சமையலை விளையாட்டாகப் பிள்ளைகள் கையில் கொடுத்த பண்டிகை இது. ஏட்டில் இல்லாத பாடத்திட்டம்.

இப்போது தோசை. "தோசை நம் அன்றாட உணவுதானே?" என்று இளையவர்கள் நினைப்பார்கள். பல வீடுகளில் அப்படி இருக்கவில்லை. இன்றைய தென்காசி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 நவம்பரில்தான் அது திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. மேற்கே தென்காசி, செங்கோட்டைப் பக்கம் மலையடிவாரம். ஆறும் குளமும் நெல்வயலும். கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் போகப்போக மானாவாரி, கம்பும் சோளமும். ஒரே மாவட்டத்தில் இரண்டு காலை உணவுகள் இருந்தன. மேற்கே பழைய சோறு, கிழக்கே கம்பங்கஞ்சி. கரிசல் மக்களின் வாழ்க்கையை எழுதிய கி. ராஜநாராயணன் (1923–2021) காட்டும் உலகத்தில் நெல்லுச்சோறே விசேஷம்தான். உழைக்கும் வீடுகளில் இட்லியும் தோசையும் தீபாவளிக்கும், விருந்தாளி வந்தாலும், காய்ச்சலில் விழுந்தாலும் கிடைத்தவை. நெல்வயலில் வேலை செய்தவர்கள் எல்லாரும் நெல்லுச்சோறு தின்றார்கள் என்றும் எண்ணிவிட வேண்டாம்.

செங்கோட்டை அன்று திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதனால் அங்கே ஆப்பமும் புட்டும் மலைக்கு அந்தப் பக்கத்துச் சாயலோடு இருக்கும். பழைய நாளில் ஆப்ப மாவு பொங்கக் கள் ஊற்றுவார்கள்.

அரிசி எப்படி எல்லா வீட்டுக்கும் வந்தது? 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பிறகு பங்கீட்டுக் காலம். 1956இல் அமெரிக்காவோடு செய்துகொண்ட பி.எல். 480 ஒப்பந்தத்தால் கோதுமை பெருமளவில் நாட்டுக்குள் வந்தது. அரிசி தட்டுப்பட்ட நாளில் கோதுமை மாவைக் கரைத்துத் தோசை வார்ப்பது பல வீடுகளுக்குக் கைகொடுத்தது. 1960களின் நடுவில் கடும் அரிசித் தட்டுப்பாடு. 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி" என்ற முழக்கம் ஓர் ஆட்சியையே மாற்ற உதவியது என்றால், அன்று சமையலறை எப்படி இருந்தது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதே காலத்தில்தான் ஐ.ஆர். 8, ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால நெல் ரகங்கள் வயலுக்கு வந்தன. 2008இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய். 2011 முதல் விலையில்லாமல். ரேஷன் புழுங்கலரிசியில் தோசை நன்றாக வரும் என்பதை நம் பெண்கள் எந்த ஆராய்ச்சிக்கூடமும் சொல்லாமலே கண்டுபிடித்தார்கள்.

இன்னொரு பக்கம், ஆட்டுரல். மாவாட்டுவது ஒரு பெண்ணின் ஒரு மணி நேரத்துக்கும் மேலான வேலை. கோயம்புத்தூரில் 1950களில் உருவான மின் கிரைண்டர் மெல்ல மெல்லச் சிற்றூர்களுக்கு வந்தபோது அந்தக் கைகளுக்கு ஓய்வு கிடைத்தது. அரிசி கிடைத்து, ஆட்டும் பாடும் குறைந்த பிறகுதான் தோசை அன்றாட உணவாயிற்று.

மாவு அளந்து இருக்கும் வீட்டில் யாரும் நிலா வடிவத்தில் தோசை சுட மாட்டார்கள். ஒரு கரண்டி வீணானால் ஒரு வயிறு குறையும். விளையாட்டுக்கு மிச்சம் வேண்டும். பண்டிகை நாளில் மட்டும் அந்த மிச்சம் இருந்தது. அதனால்தான் நம் பனிக்கால விளையாட்டெல்லாம் கார்த்திகையிலும் தையிலும் ஒதுங்கி நின்றது.

நான் வகுப்பில் வருகைப் பதிவு முடிந்ததும், "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பது வழக்கம். ஒரு சிறுமி நாள் தவறாமல் "தோசை" என்பாள். பத்தரை மணிக்குமேல் மேசையில் தலை சாய்த்துவிடுவாள். திருக்கார்த்திகைக்கு மறுநாள் மட்டும் அவளாகவே என் மேசைக்கு வந்து, ஓலை மணக்கும் கொழுக்கட்டை ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். அன்று முழுவதும் அவள் தலை சாயவில்லை. அவள் அன்றாடம் சொன்னது உணவின் பெயரல்ல, ஆசையின் பெயர் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

1950களில் காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, இரண்டும் மதியப் பசியைப் பார்த்துக்கொண்டன. காலைப் பசிக்கு 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்தது. 2023 ஆகஸ்டில் அது மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுமைக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சுழற்சி. ஒவ்வொன்றாகச் சுட வேண்டிய தோசைக்கு அங்கே இடமில்லை. அதில் குறையும் இல்லை. தோசை வீட்டு அடுப்பின் உரிமை. யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று, ஒரு பிள்ளைக்காக ஒரு முறை வார்ப்பது.

குளிர்நாட்டார் கதையும் இதுவேதான். ரஷ்யாவில் குளிர்காலத்தை வழியனுப்பும் மாஸ்லெனித்சா வாரத்தில் பிளினி என்ற வட்டத் தோசை. அதைச் சூரியன் என்பார்கள். பிரான்சில் பிப்ரவரி 2ஆம் நாள் கிரெப். டென்மார்க்கில் டிசம்பர் மாதம் ஏபிள்ஸ்கீவர். குழி குழியான இரும்புச் சட்டியில் சுடும் உருண்டை. படத்தைக் காட்டினால் நம் ஆச்சி, "இது குழிப்பணியாரச் சட்டில்லா!" என்பாள். டென்மார்க்காரர் 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியில் இருந்தார்கள் என்பதை வைத்துக் கதை கட்ட வேண்டாம். ஒற்றுமை வேறு, உறவு வேறு. வெளிச்சம் குறைந்த காலத்தில் வட்டமாக, சூடாக, இனிப்பாக ஒன்றைச் சுட்டுக் கூடி உண்ண எல்லா ஊர் மனிதர்களுக்கும் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்களும் செய்து பாருங்கள். புளிக்கக் காத்திருக்க வேண்டாம். கோதுமை மாவு ஒரு பங்கு, அரிசி மாவு கால் பங்கு; கரைத்து வடிகட்டிய கருப்பட்டித் தண்ணீர், சிட்டிகை சுக்கு, ஏலம், உப்பு. இட்லி மாவு பதத்துக்குக் கரையுங்கள். தண்ணீர் பாட்டில் மூடியில் துளையிட்டு மாவை அதில் ஊற்றிக்கொள்ளுங்கள். தீயை நன்றாகக் குறைத்து, முதலில் கோட்டுருவத்தை வரையுங்கள். கோடு சிவந்ததும் அதன் மேல் ஒரு கரண்டி மாவைப் பரப்புங்கள். முதலில் விழுந்த மாவு கூடுதலாகச் சிவப்பதால், திருப்பிப் போட்டால் ஓவியம் தெரியும். அகல்விளக்கு, பூசணிப்பூ, மாவளியின் பொறிவட்டம் எல்லாம் வரும். ஐந்து கோடு இழுத்தால் ஐந்தருவி. மேலே தேங்காய்ப்பூ தூவினால் பனி.

எழுத்து எழுதினால் ஒரு வேடிக்கை. திருப்பும்போது இடவலம் மாறிவிடும். "ப" எப்படிச் சுட்டாலும் "ப"தான். "ட" எழுதினால் கண்ணாடியில் பார்த்த மாதிரி வரும். எந்தெந்த எழுத்து மாறாது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அடுப்பருகே பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

கிழிந்துபோன முதல் தோசையையும் யாராவது தின்னட்டும். ஒரு தோசை கிழிந்தால் இன்னொன்று வார்த்துக்கொள்ளலாம் என்ற நிலை நம் வீடுகளுக்கு வந்து இன்னும் இரண்டு தலைமுறைகூட முழுதாக ஆகவில்லை.

உங்கள் ஊரில் கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டையா, அப்பமா, அடையா? வீட்டில் ஆச்சி, தாத்தா இருந்தால் கேட்டு எழுதுங்கள். அவர்கள் சின்ன வயதில் ஆண்டுக்கு எத்தனை நாள் தோசை தின்றார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.