சக்கரத்தின் மேல் வீடு: டாக்டரின் வண்டியும் நாடோடியின் வண்டியும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. காப்பியோடு உட்காருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு பெரிய வேன் வந்து நின்றது. கல்யாண வீட்டுக்காரர்கள் யாரோ வழி தெரியாமல் வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இறங்கியவன் என் பழைய மாணவன். "பேரைப் போட்டுடாதீங்க டீச்சர்" என்று கேட்டுக்கொண்டதால் பேர் வேண்டாம். பெங்களூரில் வேலை. பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, சீட்டை எல்லாம் கழற்றிவிட்டு உள்ளே வீடு கட்டியிருக்கிறான். பின்னால் கட்டில், கட்டிலுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி, ஓர் அடுப்பு, கைகழுவத் தொட்டி, கூரை மேல் சோலார் பலகை. மூட்டு வலியோடு படியேறி உட்கார்ந்து, அவன் மனைவி போட்டுக் கொடுத்த காப்பியை அந்த வண்டிக்குள்ளேயே குடித்தேன். கேரவன் என்றால் சினிமா நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சது டீச்சர். நமக்கு இப்பத்தான் வருது" என்றான்.

அப்போது தலையாட்டிவிட்டேன். அவன் போனபிறகு மனசு கேட்கவில்லை. ஒரு வாரமாகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உல்லாசப் பயணத்துக்கென்றே சொல்லிச் செய்யப்பட்ட முதல் வீட்டு வண்டி என்று எல்லோரும் காட்டுவது 1885-இல் இங்கிலாந்தில் ஓடிய ஒரு வண்டியை. அதற்கு எஞ்சின் கிடையாது, குதிரை வண்டி. சொந்தக்காரர் டாக்டர் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். பையன்களுக்கான சாகசக் கதைகள் எழுதி, லண்டனுக்கு மேற்கே ட்வைஃபர்ட் என்ற ஊரில் குடியிருந்தார். பிரிஸ்டல் நகரில் ரயில் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் இந்த வண்டியைச் செய்யச் சொன்னார். பெயர் 'வாண்டரர்', அதாவது அலைபவன். கடலில் கிடந்தவர் அல்லவா, 'தரையில் ஓடும் கப்பல்' என்றே அதைச் சொல்லிக்கொண்டார்.

வண்டியின் நீளம் சுமார் 18 அடி, எடை ஏறக்குறைய 2 டன். மஹாகனி மரமும் மேப்பிள் மரமும் இழைத்த சுவர்கள். முன்னால் கூடம். அங்கே சோபா, இரவில் அதுவே படுக்கை. புத்தக அலமாரி, தரை விரிப்பு, வாசிக்க ஒரு ஹார்மோனியம். பின்னால் சமையலறை, அதில் எண்ணெய் அடுப்பு. இழுக்க இரண்டு குதிரைகள். கூடவே ஒரு பெரிய நாய், ஒரு பறவை, வண்டியோட்டி ஒருவர், வேலைக்காரர் ஒருவர். வேலைக்காரரின் பாடு எனக்குச் சிரிப்பையும் இரக்கத்தையும் சேர்த்தே கொடுத்தது. மூன்று சக்கர சைக்கிளில் வண்டிக்கு முன்னால் போய், 'பெரிய வண்டி வருகிறது' என்று எதிரே வருகிறவர்களை எச்சரிக்க வேண்டும், குதிரைக்கு லாயம் தேட வேண்டும், பிறகு வந்து சமைக்கவும் வேண்டும். ஐயா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார்! வடக்கே இன்வர்னஸ் வரை போன அந்தப் பயணம் மொத்தம் 1,300 மைல், நம் கணக்கில் ஏறக்குறைய 2,100 கிலோமீட்டர். அடுத்த ஆண்டே அதைப் புத்தகமாக எழுதினார். அதைப் படித்துப் பலருக்கும் ஆசை வந்தது. 1907-இல் இங்கிலாந்தில் கேரவன் கிளப் ஒன்று தொடங்கியபோது இவரும் அதில் இருந்தார். அந்த வண்டியை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அவருக்கு 'கனவான் ஜிப்சி' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அந்தப் பட்டப்பெயரில்தான் விஷயமே இருக்கிறது. கனவான் ஜிப்சி என்று ஒருவரைத் தனியாகச் சொன்னால், மற்ற ஜிப்சிகள் கனவான்கள் அல்ல என்றுதானே அர்த்தம்?

ட்வைஃபர்டுக்குப் பக்கத்திலேயே ரெடிங் என்ற ஊர் இருக்கிறது. அங்கே டன்டன் என்ற குடும்பத்தார் வண்டிப் பட்டறை வைத்திருந்தார்கள். ரோமானி மக்களுக்கு வீட்டு வண்டி செய்வதில் பேர் போன பட்டறை. அந்த வகைக்கே ரெடிங் வண்டி என்று பெயர். (ஜிப்சி என்பது, எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று தப்பாக நினைத்து ஊரார் வைத்த பெயர்.) அவர்கள் வளைந்த குச்சிகளின் மேல் துணி போர்த்திய கூடாரங்களில்தான் முன்பு இருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வண்டிக்குள் குடியேறினார்கள்.

அந்த வண்டியின் யோசனையைக் கேளுங்கள். இங்கிலாந்திலும் நம்மைப்போல இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள். சாலையோர மரக்கிளைகள் வண்டியின் இடப்பக்கத்தில் உரசும். அதனால் அடுப்பையும் புகைபோக்கியையும் எப்போதும் வண்டியின் வலப்பக்கத்தில் வைத்தார்கள். கட்டில் பின்கோடியில் குறுக்காக. அதற்குக் கீழே இருந்த அறையில் இழுகதவு போட்டுக் குழந்தைகளைப் படுக்க வைத்தார்கள். வாசற்படி கழற்றி மாட்டுவது. என் மாணவனின் வேனில் நான் பார்த்த கட்டிலும் அதே பின்கோடியில், அதே குறுக்காகத்தான் இருந்தது. குடும்பத்தில் மூத்தவர் இறந்தால் அவர் வண்டியையே கொளுத்திவிடும் வழக்கம் பலரிடம் இருந்தது. அதனால் பழைய வண்டிகள் அதிகம் மிஞ்சவில்லை.

இன்னொன்று. இந்த ரோமானி மக்களின் முன்னோர்கள் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்கிலிருந்து போனவர்கள். அவர்கள் மொழியில் தண்ணீர் பானி, மூக்கு நாக், மனிதன் மனுஷ். இந்தி படித்த பிள்ளைகளுக்கு உடனே புரியும். வீட்டு வண்டியை அவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுபோகவில்லை, அதை ஐரோப்பாவில்தான் செய்துகொண்டார்கள். ஆனாலும் "வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சது" என்ற பேச்சை இனி அவ்வளவு லேசாக ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டாக்டர் கிளம்பிய அதே 1885-இல் லண்டன் பாராளுமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தது. 'நகரும் குடியிருப்புகள் மசோதா'. வண்டியில் குடியிருப்போர் எல்லாரும் வண்டியைப் பதிவு செய்ய வேண்டும், அதிகாரி வந்து உள்ளே நுழைந்து பார்க்கலாம், பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும். இதற்குப் பின்னால் இருந்தவர் ஜார்ஜ் ஸ்மித். கோல்வில் என்ற ஊரின் பெயரைச் சேர்த்துத்தான் இவரைச் சொல்வார்கள்.

இந்த மனிதரைப் பற்றிப் படித்தபோது எனக்கு இரண்டு மனசாக இருந்தது. சின்ன வயதிலேயே செங்கல் சூளையில் தலையில் களிமண் சுமந்தவர். வளர்ந்த பிறகு சூளைப் பிள்ளைகளுக்காகப் போராடினார். 1871-இல் அதற்குச் சட்டம் வந்தது. பிறகு கால்வாய்ப் படகுகளில் வளரும் பிள்ளைகளுக்காகப் போராடினார். 1877-இல் அதற்கும் சட்டம் வந்தது. மூன்றாவதாகத்தான் வண்டிப் பிள்ளைகள். பிள்ளைகள் எழுதப் படிக்க வேண்டும் என்பதில் நான் அவர் பக்கம்தான், வேறெப்படி இருப்பேன்? ஆனால் அந்தத் தாய் தகப்பன்களைப் பற்றி அவர் எழுதிய விதம் நன்றாக இல்லை. அழுக்கு, சோம்பல், திருட்டு என்று முத்திரை குத்திவிட்டு, அவர்கள் வீட்டுக்குள் நுழைய அதிகாரிக்கு உரிமை கேட்டார். பூட்டிய வீட்டுக்காரனிடம் இப்படிக் கேட்பார்களா?

ரோமானி மக்களுக்காகப் பேச அங்கே ஆள் இல்லை. ஆனால் திருவிழாக்களில் ராட்டினமும் சர்க்கஸும் நடத்துபவர்களும் வண்டியில் வாழ்பவர்கள்தான். அவர்கள் 1889-இல் சங்கம் வைத்து எதிர்த்தார்கள். மசோதா திரும்பத் திரும்ப வந்தும் நிறைவேறவில்லை.

1871 என்று சொன்னேன் அல்லவா? அதே ஆண்டில் அதே அரசு நம் நாட்டில் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. ஓரிடத்தில் நிற்காமல் அலையும் கூட்டம் என்றாலே சந்தேகம்தான். 1911-இல் திருத்திய சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஊர் ஊராக உப்பும் தானியமும் பொதிமாட்டில் ஏற்றி விற்ற குறவர்களின் வியாபாரம் ரயிலால் நசிந்தது. அவர்கள் பெயரும் பட்டியலில் ஏறியது. இது தனிப் பதிவாக எழுத வேண்டிய விஷயம், பிறகு எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் 1908-இல் வந்த குழந்தைகள் சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. அதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அலைந்து பிழைக்கும் பெற்றோரின் பிள்ளை, அக்டோபர் முதல் மார்ச் வரை 200 வேளை பள்ளிக்கு வந்திருந்தால் போதும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பெற்றோரோடு போகலாம், குற்றமில்லை. காலை ஒரு வேளை, மதியம் ஒரு வேளை என்று கணக்கு. அதாவது 100 முழு நாள். அதை வைத்துக்கொண்டு தொந்தரவு செய்த அதிகாரிகளும் இருந்திருப்பார்கள். ஆனால் பிள்ளை அலையும் என்பதை ஏற்றுக்கொண்டு, அதற்குத் தகுந்தபடி வருகைக் கணக்கை யாரோ ஒருவர் உட்கார்ந்து மாற்றி எழுதியிருக்கிறார்.

வண்டியின் கதையை முடித்துவிடுகிறேன். குதிரை போய் மோட்டார் வந்தது. இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய மோட்டார் கேரவன்களில் ஒன்று 1914-இல் ஃபோர்டு மாடல் டி வண்டியின் மேல் கட்டியது. இங்கிலாந்தில் துணிக்கடை நடத்திய ஒரு வசதியான குடும்பத்துக்காகச் செய்தது. கட்டியவர்கள் யார் தெரியுமா? ரெடிங் டன்டன் பட்டறைக்காரர்கள்! ரோமானி வண்டி செய்த அதே பட்டறைதான். பிறகு வோக்ஸ்வாகன் வேன் வந்தது, இன்னும் எத்தனையோ வந்தன. அதெல்லாம் இணையத்தில் படத்தோடு கிடைக்கும்.

ரோமானி மக்கள் கதை அங்கேயே நின்றுவிடவில்லை. 1968-இல் அவர்கள் வண்டி நிறுத்த உள்ளாட்சிகள் இடம் தர வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 1994-இல் அந்தக் கடமையை எடுத்துவிட்டார்கள். 2022-இல் இன்னொரு சட்டம். அனுமதியில்லாத நிலத்தில் வண்டியோடு தங்கி, அதனால் பெரிய சேதமோ இடைஞ்சலோ வரும் என்று கருதிக் கிளம்பச் சொல்லியும் கிளம்பாவிட்டால், மூன்று மாதம் வரை சிறை. வண்டியையும் பறிமுதல் செய்யலாம். அந்த வண்டிதான் அவர்கள் வீடு. கோடை விடுமுறைக்கு வேன் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அந்தச் சட்டத்தை நினைத்துத் தூக்கம் கெட்டிருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நானும் ஒரு பெயரை அடித்திருக்கிறேன்.

1991 என்று நினைவு. நான் அப்போது டெல்டாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்தேன். அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடு ஓட்டிக்கொண்டு வருவார்கள். வயலில் கிடை போட்டுத் தங்கி, மேட்டூர்த் தண்ணீர் வரும் நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். அப்படி வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் மாசியில் பள்ளிக்கு வந்தான். கணக்கு அபாரம். ஆட்டை எண்ணி வளர்ந்தவன், பெருக்கல் வாய்ப்பாட்டை ஒரு வாரத்தில் ஒப்பித்துவிட்டான். ஜூனில் பள்ளி திறந்து சில நாள் வந்தான், பிறகு காணவில்லை. நீண்ட நாள் வராதவர் பெயரை நீக்க வேண்டும் என்பது விதி. சிவப்பு மையில் கோடு போட்டேன். கை நடுங்கியது என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். அன்று அது எனக்கு ஒரு வேலை, அவ்வளவுதான்.

அடுத்த மாசியில் அவன் வந்து, தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்தான். நான் வருகை எடுத்து முடித்ததும் எழுந்து, "டீச்சர், என் பேரக் கூப்பிடலயே" என்றான்.

தலைமையாசிரியரிடம் கேட்டேன். ஆண்டு முடிகிற நேரத்தில் புதிதாகச் சேர்க்க முடியாது என்றார். அவர் கெட்டவர் இல்லை, விதி அப்படி. பெயர் இல்லாமலே இரண்டு வாரம் வந்தான். நான் பெயர் கூப்பிடும்போதெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு வரவில்லை. இப்போது எண்ணிப் பார்க்கிறேன். முதல் ஆண்டு அவன் வந்தது எப்படியும் அறுபது நாள் இருக்கும். வேளைக் கணக்கில் 120. அந்த 200-க்கு இன்னும் 80 குறைவுதான்.

அவனுக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். இதைப் படிப்பவர்களில் அந்த ஆண்டு மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் நாலைந்து பேராவது உண்டு. ஜன்னல் ஓரம், கடைசி வரிசை, நெற்றியில் ஒரு தழும்பு. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்காவது தெரிந்தால் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள். அவன் பெயர் எனக்கு மறக்கவில்லை. அவனைக் கேட்காமல் இங்கே எழுத வேண்டாம் என்றுதான் விட்டிருக்கிறேன்.